நாலு டிஸ்க்கில் ஒரு குரல்

மாண்புமிகு மனித குலத்தின் மேலான கவனத்துக்கு: இன்று முதல் இந்த வீட்டில் எதுவும் அழியாது.

இந்த அறிவிப்பு சாப்பாட்டு மேஜையில் வெளியானபோது மனித குலத்தின் சார்பில் மூன்று பேர் ஆஜராகியிருந்தார்கள். அறிவித்தவரின் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பல் குத்திக்கொண்டிருந்தார். மைத்துனன் மட்டும் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டான்.

"எதுவுமே அழியாதா மாமா? நேத்து வச்ச சாப்பாடு கூடவா?"

அறிவித்தவர் அவன் பக்கம் திரும்பவில்லை. வண்ணமீன் தொட்டி விற்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நாகரிகம் எப்படி முன்னேறும்? அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. மாவு பிசைகிற இயந்திரத்திலிருந்து கழிவறைக் கதவு வரை அங்கே அவர் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாத இடம் கிடையாது. ஆபத்து சொல்லிவிட்டு வராது, அதனால் நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சொல்லிக்கொண்டே இருந்ததால் தொழிலாளர்கள் அவருக்கு சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ மைத்துனன் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து வீட்டிலும், முதுகுக்குப் பின்னால், அவர் சைரன்தான்.

அழியாமைக்குப் பொறுப்பேற்றிருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் வயிற்றைக் கிழித்து அதில் நாலு ஹார்டு டிஸ்க்கை வரிசையாகச் சொருகி, ஒரு மென்பொருளை வைத்து நாலையும் ஒன்றாகக் கட்டியிருந்தார். இதற்கு ரெய்டு என்று பெயர். நாலு டிஸ்க்கும் வெளியே ஒரே டிஸ்க் மாதிரி தெரியும். எதைப் போட்டாலும் நாலிலும் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும். அதில் ஒன்று செத்துப்போனால், மிச்சமிருக்கும் மூன்றும் கூடிப் பேசி, செத்தவன் வைத்திருந்ததையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லிவிடும். இதைச் சைரன் கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கி விளக்கினார். இரண்டு செத்துப்போனால் மிச்சமிருக்கும் இரண்டுக்கும் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இருக்காது என்கிற பகுதியை மட்டும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

நாலு டிஸ்க்கையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வாங்கியிருந்தார். ஒரே நிறம், ஒரே அளவு. அணிவகுப்பு மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ஸ்டிக்கரில் 1, 2, 3, 4 என்று எண் ஒட்டினார். ஒன்றாகப் பிறந்து ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள் ஒன்றாகவே போய்ச்சேரவும் வாய்ப்பு உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் மாமியாரின் தொண்டையில் கட்டி வந்தது.

குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். எடுத்த பிறகு பேச்சு கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே நிறையப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அந்தக் குரலை ஒரு கருவிக்குப் பழக்கிவிடலாம். பிறகு மாமியார் விரலால் தட்டினால் கருவி அவர் குரலிலேயே பேசும். குரல் பயிற்சி மையத்தில் இருந்த பெண் ஒரு வாக்கியப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினாள். 'நாளை மழை வரலாம்.' 'இந்தப் பேருந்து எங்கே நிற்கும்?' 'குழந்தை நன்றாகத் தூங்குகிறது.' பக்கம் பக்கமாக இப்படியே.

மாமியார் படித்தார். அப்போதுதான் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. மைக்கைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. 'குழந்தை நன்றாகத் தூங்குகிறது' என்று அவர் சொன்னபோது நிஜமாகவே எங்கேயோ ஒரு குழந்தை தூங்கியிருக்க வேண்டும், அத்தனை மென்மை. இந்தக் குரல் இவ்வளவு வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று சைரன் கதவோரம் நின்று வியந்தார். திருமணமான நாளிலிருந்து அவர் கேட்டுப் பழகியது வேறு குரல். அந்தக் குரலும் பதிவாகாமல் இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே அது தாராளமாக வந்து போனது.

"பேருந்து எங்க நின்னா எனக்கென்ன? நான் எங்கயாவது போறேனா? டேய், அந்த ஃபேனை நிறுத்துடா, காதுக்குள்ள கத்துது! மாப்பிள்ளை, நீங்க ஏன் கதவுல தொங்கிட்டு நிக்கிறீங்க, உள்ள வாங்க இல்ல வெளிய போங்க!"

சைரன் மனதுக்குள் ஒரு திட்டம் துளிர்த்தது. கருவிக்கு எந்தக் குரலைக் கொடுக்கிறோமோ அந்தக் குரல்தானே அது பேசும்? அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லாப் பதிவையும் வெட்டிப் பிரித்தார். மென்மையான வாக்கியங்கள் 'தூய்மை' என்ற கோப்புறைக்குள் போயின. இடைப்பட்ட வசவுகள் எல்லாம் 'கழிவு' என்ற கோப்புறைக்குள் போயின. மருத்துவ விஞ்ஞானத்தின் துணையோடு, மனித வரலாற்றிலேயே முதன்முறையாக, திட்டவே தெரியாத ஒரு மாமியாரை உருவாக்கும் நிலைக்கு ஒரு மருமகன் வந்திருந்தான்.

மனைவிக்கு இந்தத் திட்டம் தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னங்க, என் போன்லயும் ஒரு காப்பி இருக்கட்டுமே."

"அங்கொண்ணு இங்கொண்ணு இருந்தா அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லம்மா. சிதறல். நாலு டிஸ்க்ல இருக்கு, போதாதா? போன் கீழ விழும், திருடு போகும். அழிச்சிடு."

அவள் அழித்தாள். அவர் தன் மடிக்கணினியிலிருந்தும் அழித்தார். பெட்டி மட்டும் மிஞ்சியது.

அறுவை சிகிச்சை முடிந்து மாமியார் இந்த வீட்டுக்கே வந்து தங்கினார். பெட்டி இருந்த பின்னறைதான் அவர் அறையானது. கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு எழுதுபலகை, எழுதி அழிக்க உள்ளங்கை. வந்த சில நாளில் பலகையை நீட்டினார்.

'பெட்டி கத்துது.'

"அது கத்தலை அத்தை. தன்னைத்தானே சோதிச்சுக்குது. எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

மறுநாளும் எழுதினார். 'விடாம கத்துது.' இந்த முறை 'விடாம' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. சைரன் நெகிழ்ந்துபோனார். நோயாளிக்கு ஓய்வு வேண்டாமா? பெட்டியைத் திறந்து, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த சின்னக் கறுப்பு வட்டத்தின் வாயில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிழித்து அடைத்தார். தொழிற்சாலையில் தீ அலாரத்தில் துணி அடைத்த தொழிலாளி ஒருவனை மேலதிகாரி முன்னால் நிறுத்தி, 'இது மௌனமல்ல, கொலை' என்று பேசியவர் இவர்தான். ஆனால் அது அலாரம். இது மாமியாருக்கான கரிசனம். மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு முழுப் பக்கம் இருந்தது. பலகை சிறியது, எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மையத்திலிருந்து அந்தப் பெண் அழைத்தாள். கருவி வந்துவிட்டது, பதிவுகளை நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றாள். சைரன் மடிக்கணினியிலிருந்து 'தூய்மை' கோப்புறையைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியின் நிலைமையைக் கேட்டபோது திரை பணிவோடு பதில் சொன்னது: டிஸ்க் 2 செயலிழந்தது. எப்போதோ செயலிழந்திருந்தது. அன்று பஞ்சுக்குப் பின்னால் பெட்டி கத்தியது அதற்காகத்தான்.

யாராக இருந்தாலும் கொஞ்சம் வேர்த்திருக்கும். சைரனுக்கு மார்பு விரிந்தது. இத்தனை வருடம் தீயே பிடிக்காத தொழிற்சாலையில் தீயணைப்பு ஒத்திகை நடத்தியவருக்கு முதன்முதலாக ஒரு நிஜத் தீ.

"எல்லாரும் இங்க வாங்க! ஒரு டிஸ்க் போயிடுச்சு."

மனைவி ஓடிவந்தாள். "ஐயோ, என்ன போச்சு?"

"பதறாதே. இதுக்குத்தான் நாலு வாங்கினேன். இப்ப பெட்டியை நிறுத்தாமலே போனதை உருவி, புதுசை மாட்டிக் காட்டுறேன் பாரு. உன் தம்பி எங்க? அவனும் பாக்கட்டும்."

மைத்துனன் வந்து சுவரில் சாய்ந்தான். மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தயாராக வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கைத் தட்டில் ஏந்திக்கொண்டு சைரன் பெட்டி முன்னால் மண்டியிட்டார். மஞ்சள் ஸ்டிக்கரில் 2 என்று இருந்த டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, மந்திரவாதி புறாவை எடுப்பதுபோல் உருவினார்.

திரை கறுத்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. இந்தத் தொகுப்பு இனி இல்லை.

சைரன் வாசித்தார். மறுபடி வாசித்தார். கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். அது இன்னும் சூடாக, உயிரோடு, சுழற்சி அடங்காமல் முனகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு முதல் டிஸ்க் பூஜ்யம். அது 2 என்றால் மூன்றாவது டிஸ்க். அவர் ஒன்றிலிருந்து எண்ணி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். செத்துக் கிடந்த மூன்றாம் எண்ணை விட்டுவிட்டு, நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் எண்ணின் கழுத்தைப் பிடித்து இழுத்திருந்தார்.

"முடிஞ்சுதா மாமா? கை தட்டலாமா?"

"வாயை மூடுடா" என்றாள் அக்கா. அவள் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். "என்னங்க ஆச்சு? அம்மாவோட குரல் எங்க இருக்கு?"

"உள்ளதான் இருக்கு."

"உள்ளன்னா எதுல?"

"நாலுலயும். கொஞ்சம் கொஞ்சமா."

"எங்க அம்மாவை நாலு துண்டாவா போட்டு வச்சிருக்கீங்க?"

அவருடைய அகராதியில் இருந்த எல்லா வாசகமும் ஆபத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியவை. ஆபத்துக்குப் பின்னால் சொல்ல ஒன்றுகூட இல்லை. உருவிய டிஸ்க்கைத் திரும்பச் சொருகினார். பெட்டி அதை அடையாளம் தெரியாதவனைப்போல் வாசலிலேயே நிறுத்திவைத்தது. அவர் மடிக்கணினியைத் திறந்து இணையத்தில் இறங்கினார். உலகமெங்கும் இதே குழியில் விழுந்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் இப்படிச் செய் என்றார், அடுத்தவர் அப்படிச் செய்தால் சாம்பல் என்றார். எல்லாப் பக்கத்திலும் கடைசியில் எவனோ ஒருவன் வந்து ஒரே கேள்வியைக் கேட்டிருந்தான்: 'வேறு எங்காவது காப்பி வைத்திருக்கிறீர்களா?' கேட்டவன் எதிரே இருந்திருந்தால் சைரன் அடித்திருப்பார்.

"வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அடிக்க முடியவில்லை.

"நீதான் போன்ல அழிச்சிட்டியே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சொன்ன உடனே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. அறையில் மூன்று பேர் மௌனமானார்கள். அதில் ஒருவருக்கு அது நிரந்தரம்.

மாமியார் கட்டிலை விட்டு இறங்கி வந்தார். பெட்டிக்குள் கையை விட்டு, எதையோ விரலால் நிமிண்டி வெளியே எடுத்தார். பச்சைப் பஞ்சு. மகளின் உள்ளங்கையில் வைத்தார். உடனே பெட்டி வீறிட்டது. பீப். பீப். பீப்.

"இது என்ன சத்தம்?" என்றாள் மகள்.

மாமியார் பலகையில் எழுதிக் காட்டினார். 'நான் சொன்னேன்.'

அதை அவர் அழிக்கவே இல்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மத்தியானம் வரை போராடி, உருவிய டிஸ்க்கைக் கட்டாயப்படுத்திச் சேர்த்துக்கொள்ளும் ஒரு கட்டளையைச் சைரன் கண்டுபிடித்தார். பெட்டி முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது. கோப்புறைகளின் பெயர்கள் தெரிந்தன. மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சைரனுக்குப் பழைய மார்பு திரும்ப வந்தது. அதுதான் தப்பு. அப்போதே கோப்புறையை வெளியே அள்ளியிருக்க வேண்டும். அவரோ, முறைப்படி செய்வோம் என்று, செத்த மூன்றாம் எண்ணின் இடத்தில் புது டிஸ்க்கை மாட்டி, மறுகட்டுமானத்தைத் தொடங்கிவைத்தார். அதாவது, மிச்சமிருந்த மூன்று டிஸ்க்கையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மூச்சு விடாமல் ஓடச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் நாலாம் எண்ணிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். டொக். டொக். யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவதுபோல. பெட்டி மறுபடி படுத்துவிட்டது.

"தொடாதீங்க" என்றாள் மனைவி. அவர் கையைப் பிடித்தே சொன்னாள். "இனிமே எதையும் உருவாதீங்க, சேக்காதீங்க, முறைப்படி ஒண்ணும் பண்ணாதீங்க. முதல்ல என்ன நடந்திருக்குன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். அவர் வாழ்க்கையில் அலங்காரம் இல்லாமல் பேசிய முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும். நாலில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மூன்று இருந்தால் குரல் உண்டு. அந்த மூன்றில் இப்போது ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. அது முழுதாகச் சாவதற்குள் இப்போது மாட்டிய புது டிஸ்க்கைக் கழற்றி, சாகிறதில் இருப்பதை அப்படியே அதில் பிரதி எடுத்துவிட்டால், புதியதை அதன் இடத்தில் உட்காரவைக்கலாம். எடுக்க முடியாத இடங்களில் ஓட்டை விழும். அதற்குள் செத்துவிட்டால்...

"செத்துட்டா?"

"அத்தையை இன்னொரு தடவை படிக்கச் சொல்ல முடியாது" என்றார் சைரன். மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் எண்ணை வெளியே எடுத்து, மேஜையில் கிடத்தி, வயரால் மடிக்கணினியோடு இணைத்தார்கள். டொக், டொக். ஒரு எழுத்துகூட வரவில்லை. மைத்துனன் தன் கடைக்கு ஓடி, மீன் தொட்டி விளக்குச் சூட்டைத் தணிக்க வைத்திருந்த சின்ன மின்விசிறியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவன் அன்று ஒரு ஜோக்கும் சொல்லாமல் இருந்தது சைரனுக்கு இன்னும் பயமாக இருந்தது. விசிறி ஓடியும் டொக், டொக். தலைகீழாகக் கவிழ்த்தார்கள். டொக். சரித்தார்கள். டொக்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜையிலிருந்த டிஸ்க்கை எடுத்தார். சைரன் "அத்தை, வேண்டாம்" என்று பதறினார். அவர் காதில் வாங்கவில்லை. மடியில் ஒரு துண்டை விரித்து, டிஸ்க்கைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டார். குளிரில் இருக்கும் ஒரு கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல.

டொக் நின்றது. திரையில் ஓர் எண் நகர்ந்தது.

எண் மெல்ல மெல்ல ஊர்ந்தது. திடீரென்று மாமியாரின் கால் தரையைத் தட்டியது. ஒரு கணம் கழித்துத்தான் டொக் என்றது டிஸ்க். டிஸ்க் டொக் என்பதற்கு முன் வரும் நடுக்கம் அவர் உள்ளங்கைக்கு முதலில் தெரிந்துவிட்டது. சைரன் உடனே நிறுத்தினார். ஆறவிட்டார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி தட்டினார். நிறுத்து, ஆறவிடு, தொடங்கு. அவரால் பேச முடியாது. அவர் குரல் அவர் மடியிலேயே செத்துக்கொண்டிருந்தது. அதன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கை வலிக்கும், நான் பிடிக்கிறேன்" என்றான் மகன். தலையை ஆட்டி மறுத்தார். மகள் சூப்பைக் கரண்டியால் ஊட்டினாள். விழுங்கும்போதுகூடக் கை அசையவில்லை.

சைரன் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பச்சைக் கோடு நீண்டது. நடுநடுவே சிவப்புத் திட்டுகள். ஒவ்வொரு சிவப்பும் எடுக்க முடியாமல் போன இடம். அந்தச் சிவப்புக்குள் என்ன இருக்கும்? மழை வரலாமா? குழந்தை தூங்குகிறதா? அவர் வாழ்க்கையில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. வேண்டுதல் என்பது முன்னேற்பாடு இல்லாதவர்களுக்கு என்பார். இப்போது உதடு தானாக அசைந்தது. யாரிடம் கேட்பதென்று தெரியாமல் டிஸ்க்கிடமே கேட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடி, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஜன்னலில் வெயில் இறங்கிய நேரத்தில் டிஸ்க் ஒரு நீளமான கீச்சு ஒலி எழுப்பி நின்றது. மாமியார் தட்டவில்லை. கையை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குமேல் அதில் உயிர் இல்லை. ஆனால் கோடு ஏறக்குறைய கடைசிவரை வந்திருந்தது.

பிரதியை நாலாம் எண்ணின் இடத்தில் மாட்டினார்கள். மனைவி எண்ணைச் சத்தமாகப் படித்தாள், மைத்துனன் ஸ்டிக்கரைச் சத்தமாகப் படித்தான், மாமியார் தலையசைத்த பிறகே சைரன் சொருகினார். பெட்டி எழுந்தது. இந்த முறை அவருக்கு மார்பு விரியவில்லை.

'தூய்மை'யைத் திறந்தார். முதல் கோப்பு: கர்ர்ர் என்று இரைச்சல். இரண்டாவது: 'நாளை ம...' அதன் பிறகு இரைச்சல். மூன்றாவது திறக்கவே மறுத்தது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சிவப்புத் திட்டு முழுவதும் வந்து விழுந்திருந்த இடம் அதுதான். அந்த மென்மையில் ஒரு முழு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

கடைசியாக, 'கழிவு'.

"டேய், அந்த ஃபேனை நிறுத்துடா, காதுக்குள்ள கத்துது!"

அறையே அதிர்ந்தது. மைத்துனன் அனிச்சையாக விசிறியை நிறுத்தினான். அடுத்த கோப்பு. அதற்கடுத்தது. எல்லாம் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தன. ஓர் இரைச்சல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. வசவு என்று வந்தால் ஒரு துளிகூட வீணாகவில்லை.

"இருக்கு!" மனைவி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அம்மா, இருக்கும்மா! குரல் இருக்கு!" பிறகு திரையைப் பார்த்தாள். "அதென்ன, கழிவுன்னு பேரு?"

சைரன் சொன்னார். திட்டத்தை முழுசாகச் சொன்னார். எதற்குப் பிரித்தார், எந்தக் குரலைக் கருவிக்குக் கொடுப்பதாக இருந்தார், எந்தக் குரலை அழிப்பதாக இருந்தார், எல்லாம். அவள் மடிக்கணினியை அவர் முன்னாலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமியார் பலகையை எடுத்தார், எழுத யோசித்தார், பிறகு அதை அப்படியே மடியில் கவிழ்த்துவைத்தார். அன்று அந்த வீட்டில் பலகைக்கும் தொண்டை அடைத்தது.

மறுநாள் காலை, மையத்துக்குப் போகும் முன், அவள் 'கழிவு' கோப்புறையைத் தன் போனில் ஒன்று, தம்பி போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று பிரதி எடுத்தாள். சைரன் பக்கத்தில் நின்று சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டார்.

மையத்தில் அந்தப் பெண் பதிவுகளை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"அளவு போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுல கோபம் மட்டும்தான் இருக்கு. கருவி இதைத்தான் கத்துக்கும். அவங்க எவ்வளவு அன்பா டைப் பண்ணாலும், வெளிய திட்டற மாதிரிதான் வரும். குடும்பத்துக்கு இது மனசளவுல ரொம்பப் பாதிப்பா இருக்கும். உங்களுக்கு ஒரு ஆலோசகரை ஏற்பாடு பண்ணித் தரட்டுமா?"

சைரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கருவி வீட்டுக்கு வந்த நாளில் எல்லோரும் பின்னறையில் கூடினார்கள். அவர் மட்டும் கதவோரம் நின்றார். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு விரலால், நிதானமாக, நெடுநேரம் தட்டினார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"மாப்பிள்ளை! அன்னைக்கு ரொம்பக் கஷ்டப்பட்டீங்க! மனசுல வச்சுக்காதீங்க! உள்ள வந்து உக்காருங்க!"

ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. சைரன் ஓடிவந்து உட்கார்ந்தார். மனப்பாடம் செய்தது மறந்துபோனது. "அத்தை, உங்க நல்ல குரலை நான்தான்... அந்த மென்மை எல்லாம் போச்சு அத்தை... இனிமே ஆயுசுக்கும் நீங்க அன்பா ஒரு வார்த்தை சொன்னாக்கூட இப்படித்தான்..." அதற்குமேல் முடியாமல் விக்கினார்.

மாமியார் மறுபடி தட்டினார்.

"அழாதீங்க! யாராவது அவருக்குத் தண்ணி குடுங்க!"

மைத்துனன் தண்ணீர் எடுக்க ஓடினான். போகிற போக்கில் அக்காவிடம் கேட்டான். "மாமா எதுக்கு அழறாரு? என்ன போச்சு?"

"தெரியலைடா" என்றாள் அவள். "அம்மா எப்பவும் போலதானே பேசறாங்க."

வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.